ஏறவும் இறங்கவும் ஒரு கல்

என் மனைவிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், ஏறத் தெரியாது. இறங்கவும் தெரியாது. நடுவில் உள்ளதை மட்டும் பிரமாதமாகச் செய்வாள்.

காரணம் சைக்கிள்தான். ஆத்தூரிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு டாக்டரம்மா விற்றுவிட்டுப் போன லேடீஸ் சைக்கிள் அது. டாக்டரம்மா நல்ல உயரம்; நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். என் மனைவி எங்கள் வீட்டுப் பரணிலிருந்து எதை எடுப்பதானாலும் என்னைக் கூப்பிடுகிற உயரம். சீட்டை இறக்குகிற மட்டும் இறக்கிய பிறகும் அவள் கால்விரலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம் இருந்தது. விற்றுவிடலாம் என்றேன்.

"கால் தரைக்கு எட்டணும்னு யாரு சொன்னா? பெடலுக்கு எட்டினாப் போதாதா?" என்றாள்.

கொல்லையில் இருந்த துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றாள். அங்கிருந்து சீட்டில் உட்கார்ந்தாள். கிணற்றைச் சுற்றிக் கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டு, அதே கல்லுக்கு வந்து, பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி இறங்கினாள். இறங்கியதும் முதலில் செய்த காரியம், புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு, "பாத்தீங்களா?" என்று என்னைக் கேட்டதுதான். அன்றிலிருந்து ஊரிலுள்ள கற்களெல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன. சாலை என்றால் மைல்கல். மைல்கல்லில் ஏறுவாள், மைல்கல்லில் இறங்குவாள். நடுவழியில் கொடுக்காப்புளி பழுத்துத் தொங்கினாலும் நிறுத்தமாட்டாள். அடுத்த கல்லுக்குப் போய் இறங்கி, நடந்து திரும்பி வந்து பறிப்பாள்.

ஒருமுறை தலைவாசல் சாலையில் அவள் இறங்க வேண்டிய மைல்கல்லில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே இவள் கத்தத் தொடங்கினாள்: "பெரியப்பா, எந்திரிங்க! எந்திரிங்க பெரியப்பா!" அந்த மனிதர் ஏதோ ஆபத்து என்று வெற்றிலைப் பையை விட்டுவிட்டு வயலுக்குள் குதித்தார். இவள் கல்லில் நிதானமாக இறங்கி, பையை எடுத்துத் தூசி தட்டி நீட்டினாள். "இப்ப உக்காருங்க" என்றாள்.

நான் வக்கீல் குமாஸ்தா. தேதி போடாத காகிதத்தைக் காகிதமாகவே மதிக்காத தொழில். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. எந்தக் கல்வெட்டு எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று தேடிப் படித்துக் குறித்து வைப்பவன். அவள் அதைக் கேலி செய்வாள். ஆனால் படிப்பதில் எனக்கு இளைத்தவளல்ல. ஒரு வித்தியாசம்: எனக்கு ஒரு நாவல் பிடிக்கவில்லை என்றால் பாதியில் மூடிவிடுவேன். அவள் மூடமாட்டாள்.

"மோசம் மோசம்னு சொல்றே, அப்புறம் எதுக்கு அதையே படிக்கறே?"

"எவ்வளவு மோசமா முடிக்கறான்னு தெரிய வேண்டாமா?"

மார்கழியில் கோலம் போடும்போது தூறினால் தெருவில் எல்லாப் பெண்களும் உள்ளே ஓடுவார்கள். இவள் என்னைக் கூப்பிட்டுக் குடையைப் பிடிக்கச் சொல்வாள். குடை கோலத்துக்கு, எனக்கல்ல. தொடங்கியதை முடிக்காமல் விட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இந்தக் குணம் அவளுக்கு சைக்கிளால் வந்ததா, இந்தக் குணத்தால்தான் சைக்கிள் வந்ததா என்று நான் யோசித்ததுண்டு. அவளுடைய அண்ணன் இரண்டாவதுதான் சரி என்பார்.

அந்த அண்ணன் திருமானூரில் நெல்லும் கரும்பும் பயிரிட்டவர். கொள்ளிடக்கரைப் பக்கத்தில் அவருடைய காளைகளைப் போல் கிடையாது என்று ஊரில் பேர். அவரே அதை அடிக்கடி சொல்லிக்கொள்வதால் பேர் நிலைத்திருந்தது. யுத்தம் முடிந்த வருஷம் தீபாவளிக்கு ஆத்தூருக்கு வந்தவர், தங்கை சைக்கிளில் போய் மளிகை வாங்கி வருவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காரவே மறுத்தார்.

"மாப்ள, இதெல்லாம் நீங்க கொடுக்கற எடம்" என்றார் என்னிடம்.

"நான் எடத்தைக் கொடுக்கலை மச்சான். சைக்கிளத்தான் கொடுத்தேன்" என்றேன்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. கடலை அவள் பார்த்ததில்லை. பொங்கலுக்குக் கோர்ட் விடுமுறையில் ஆத்தூரிலிருந்து பெரம்பலூர், அரியலூர் வழியாகத் திருமானூர் போய் அண்ணன் வீட்டில் பொங்கல் சாப்பிட்டு, கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர் போய், அப்படியே நாகப்பட்டினம் வரைக்கும் இரண்டு பேரும் சைக்கிளிலேயே போவது என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். பஸ்ஸில் போகலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெட்ரோல் இன்னும் சரியாகக் கிடைக்காத காலம். கரியை எரித்து ஓட்டிய பஸ்கள் மேடு வந்தால் பிரயாணிகளை இறக்கித் தள்ளச் சொல்லின. "தள்ளறதுக்கு டிக்கெட்டும் எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு பந்தயம் கட்டினார்.

"இந்தா பாரு புள்ள. மாட்டுப் பொங்கலன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீ அது மேல ஏறி நம்ம தெருவுக்குள்ள வந்துட்டீன்னா, அப்புறம் நான் ஒரு வார்த்த பேசல. அதை உருட்டிக்கிட்டு நடந்தோ, எவன் வண்டியிலயாவது ஏறியோ வந்தீன்னா சைக்கிள் எங்கிட்ட நின்னுடும். கரும்புக் கட்டு ஏத்த ஆவும்."

"அண்ணே, கரும்புக்கு வேற சைக்கிள் பாத்துக்க" என்றாள் இவள்.

சைக்கிள் போனால் கடலும் போயிற்று. அவள் விளையாட்டாகச் சரி சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பார்த்திப வருஷம் தை இரண்டாம் நாள், ஆங்கிலக் கணக்கில் 1946 ஜனவரி. மாட்டுப் பொங்கல். முந்தின நாளே பெரம்பலூர் வந்து ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தோம். என் கேரியரில் மாற்றுத் துணி, காற்றடிக்கும் பம்ப், பங்சர் சாமான். அவள் கேரியரில் அண்ணனுக்கு ஒரு எட்டு முழ வேட்டியும் துண்டும். துணிக்கு ரேஷன் இருந்த காலத்தில் அந்த வேட்டிக்காக நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. அவள் அதை மஞ்சள் பையில் சுற்றி, பையை ஓலைப்பெட்டியில் வைத்து, பெட்டியைக் கயிற்றால் கட்டியிருந்தாள்.

சத்திரத்துப் படியில் ஏறிக் கிளம்பினாள். வானம் மூட்டமாக இருந்தது. வெயில் இல்லாதது நல்லதாயிற்று என்று நான்தான் சொன்னேன். அரியலூர் வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபுறமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. வழியெல்லாம் குளங்களில் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சைக்கிளில் போவதைப் பார்த்து ஆட்கள் மாட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். சில மாடுகளும் நிமிர்ந்தன. மதியத்துக்கு முன்பே அரியலூரில் ஒரு காபி கிளப்பில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அங்கே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இந்தப் பக்கத்து ஓடைகள்ல கல்லாப் போன கிளிஞ்சல் கெடைக்குமாம். படிச்சிருக்கேன். பல கோடி வருஷத்துக்கு முன்னால இங்கதான் கடல் இருந்தது" என்றேன்.

"இங்கயா?"

"இங்கேயேதான்."

"எந்த வருஷம் போச்சு?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"தேதி தெரியாத விஷயம் ஒண்ணு உங்ககிட்ட இருக்கு" என்று சொல்லிக் கையைக் கழுவினாள். "வாங்க, பாத்துட்டுப் போயிடலாம்."

ஊரைத் தாண்டியதும் சாலையிலிருந்து கிழக்கே ஒரு வண்டிப்பாதை பிரிந்தது. கரிசல் மண், காய்ந்து இறுகி, ஓட்டுவதற்கு மெத்தென்று இருந்தது. ஓடைக்கரையில் ஒரு பாறையைப் பிடித்து இறங்கினாள். கிளிஞ்சல்கள் இருந்தன. கூலிக்குப் பொறுக்கிக் கொட்டினது போல் இருந்தன. அவள் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துக் காதில் வைத்துக் கேட்டாள்.

"அலை சத்தம் கேக்குதா?" என்றேன்.

"இடி சத்தம் கேக்குது" என்றாள்.

நிஜமாகவே இடிதான். மழை வந்த வேகத்தில் நனைவதற்கு முன்பே நனைந்துவிட்டோம். அவள் பாறையில் ஏறி, சைக்கிளில் ஏறி, சாலையைப் பார்த்து மிதித்தாள்.

கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்திருக்கும்போது அது நம்மைத் தாங்கும். நனைந்தால் நாம்தான் அதைத் தாங்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு படி மண்ணை அள்ளிக்கொள்ளும். அடுத்த சுற்றுக்கு இன்னொரு படி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அது அடைந்து இறுகியதும் சக்கரம் நின்றுவிடும். அவளுடையது நின்றது. சைக்கிள் சாயவில்லை, மண் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. நட்டுவைத்த மாதிரி அப்படியே நின்றது. மேலே இவள்.

"பாருங்க!" என்று கத்தினாள். "கல்லே இல்லாம நிறுத்திட்டேன்!"

அந்தப் பெருமையோடு மெதுவாக இடது பக்கம் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்தாள்.

குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்தோம். கொஞ்சம் தள்ளினோம். மறுபடி அடைத்தது. பிறகு ஆளுக்கொரு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். கருவேல மரத்தடியில் அவள் சைக்கிளைக் கீழே வைத்தபோது பின் டயரிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. முள்.

சற்றுத் தள்ளி ஒரு குடிசை. மழை விட்டிருந்தது. வாசலில் ஒரு ஆள் தன் இரண்டு மாடுகளின் கொம்புக்கும் காவி அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பருத்திமார்க் குச்சிகளை அடுப்புக்கு ஒடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வண்டி நின்றது. எனக்கு அந்த வண்டி கோயில் தேர் போலத் தெரிந்தது.

"ஐயா, தார் ரோடு வரைக்கும் கொண்டுபோய் வுட முடியுமா?" என்றேன்.

அவர் தூரிகையைக் கொம்பிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னிக்கா? இன்னிக்கு மாட்ட வண்டியில பூட்டுனா ஊருக்குள்ள என்னைய வுடுவாங்களா? மாடே வுடாதுங்க."

"வண்டியெல்லாம் வேண்டாம்" என்றாள் என் மனைவி என்னைப் பார்த்து. "அண்ணன் எந்த நாளப் பாத்துப் பந்தயம் கட்டியிருக்கான் பாருங்க. எவன் வண்டியிலயாவது ஏறி வந்தா சைக்கிள் எனக்குன்னான். மாட்டுப் பொங்கலன்னிக்கு எவன் வண்டி பூட்டுவான்? அவனே பூட்ட மாட்டான்!" இந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தம்மாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொங்கல் கொடுத்தாள். "ஏம்மா, வுழுந்துட மாட்டியா அதுல?" என்று கேட்டாள்.

"ஓடிக்கிட்டே இருந்தா வுழ மாட்டோம் அக்கா. நின்னாத்தான் வுழுவோம்."

நான் பங்சர் சாமானைப் பிரித்தேன். ஒட்டுப் போடுகிற சொல்யூஷன் குழாயை அமுக்கினேன். உள்ளே ரப்பர் உருண்டை போல உறைந்திருந்தது. கடைசியாக எப்போது திறந்தேன் என்று எனக்குத் தேதியோடு ஞாபகம் இருந்தது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"டயருக்குள்ள வைக்கோல் அடைச்சு ஓட்டறதப் பாத்திருக்கேன்" என்றேன்.

வைக்கோல் போர் மழையில் சொட்டச்சொட்ட நின்றது. அவள் அதைப் பார்த்தாள். தன் கேரியரைப் பார்த்தாள். எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தாள், ஓலைப்பெட்டியைத் திறந்தாள், மஞ்சள் பையை உருவினாள். நான் புரிந்துகொள்வதற்குள் எட்டு முழமும் வெளியே வந்துவிட்டது.

"இது உங்க அண்ணனுக்கு."

"அவனால வந்ததுதானே இவ்வளவும்? அக்கா, இந்த முனையப் புடிங்க."

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வைக்கோல் பிரி முறுக்குவது போல் அந்தக் கோடி வேட்டியை முறுக்கினார்கள். இரட்டையாக மடித்து டயருக்குள் சுற்றிவிட்டாள். போதாத இடத்துக்குத் துண்டு. நான் டயரை ரிம்முக்குள் அழுத்தி ஏற்றினேன். அவள் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, "தலகாணி மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த ஆள் அவள் சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டு தார் ரோடு வரைக்கும் வந்தார். அந்தம்மாளும் வந்தாள். அந்த இடத்தில் மைல்கல் இல்லை. அந்தம்மாள் யோசிக்காமல் குனிந்து முட்டியைக் காட்டினாள். "ஏறும்மா. பொழுது போவுது."

என் மனைவி அவள் முட்டியில் கால் வைக்கவில்லை. சற்று நடந்து அடுத்த மைல்கல்லுக்குப் போய்த்தான் ஏறினாள். ஆனால் கிளம்பும்போது முந்தானையில் முடிந்து வைத்திருந்த கிளிஞ்சல் கல்லை அந்தம்மாளிடம் கொடுத்தாள். "அக்கா, இது கடல்ல இருந்தது" என்றாள். அந்தம்மாள் தன் நிலத்துக் கல்லையே வியப்பாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

துணி அடைத்த டயரில் முடிச்சு விழுந்த இடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே ஒரு துள்ளல். குதிரையில் போகிறவள் போல் அவள் எனக்கு முன்னால் துள்ளித் துள்ளிப் போனாள். ஓய்வெடுக்கலாம் என்று நான் மூன்று மைல்கற்களில் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் பின்னால் போயின. கீழப்பழுவூர் தாண்டியபோது அவள் கால்கள் நடுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. மேற்கே மேகம் விலகி, சூரியன் தென்னைகளின் தலைக்கு இறங்கிவிட்டது.

திருமானூரில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தெரு நிறைய ஜனம், ஜனத்தைவிட நிறைய மாடு. கழுத்தில் மாலையும் நெற்றியில் சந்தனமுமாக மாடுகளை ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மந்தை புகுந்துகொண்டது, நான் பின்தங்கினேன். அவள் மணியை அடித்துக்கொண்டே அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

வாசல்படியை மறைத்து அண்ணனுடைய காளைகளைக் கட்டியிருந்தார்கள். அவளுக்கு இறங்கக் கல் இல்லை.

நேராகப் போய்த் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் திரும்பி மறுபடி வந்தாள். அண்ணன் தன் பெரிய காளையின் கயிற்றைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றிருந்தார்.

"வந்துட்டேன் அண்ணே!" என்றபடி அவரைக் கடந்து போனாள்.

"வந்துட்டீன்னா இறங்கு புள்ள!"

"எதுல இறங்கறது? உன் மாட்டு மேலயா?"

தெரு முழுக்கச் சிரித்தது. "இன்னொரு சுத்து!" என்று யாரோ கத்தினார்கள். மந்தைக்குப் பின்னால் இருந்த எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் கால் பெடலிலிருந்து ஒருமுறை வழுக்கியது. விழுந்தால் அத்தனை பேருக்கு நடுவில், மாட்டுக் காலடியில் விழ வேண்டும்.

மூன்றாவது தடவை வரும்போது அவள் குரல் மாறியிருந்தது. "அண்ணே, நவுராதே. அப்படியே நில்லு."

அவர் நின்றார். அவ்வளவு பெரிய மனிதர், அசையாமல், ஒரு கையில் காளையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பிரேக்கைப் பிடித்து அவர் பக்கத்தில் வந்து தோளில் கையை ஊன்றினாள். அவருடைய இன்னொரு கை தானாகவே ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டது. அவள் இறங்கினாள். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் தோளை விடவில்லை. கால் நிற்கவில்லை என்பது அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் நகரவே இல்லை.

பிறகு அவர், "சரி சரி. அண்ணனுக்கு என்ன கொண்டாந்தே?" என்றார்.

"வேட்டி கொண்டாந்தேன். எட்டு முழம். துண்டும் இருக்கு."

"எங்க?"

"அந்த டயரக் கழட்டு."

வேட்டியைத் துவைத்ததில் கரிசல் போகவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவர் அதைத்தான் கட்டியிருந்தார். எங்கிருந்தோ ஒரு டியூபும் வாங்கிப் போட்டிருந்தார். நாங்கள் தஞ்சாவூருக்குக் கிளம்ப வெளியே வந்தபோது வாசலில் காளைகள் இல்லை. அவை இருந்த இடத்தில், தெரு ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் கிடந்தது. அதை உருட்டி வந்த தடம் மண்ணில் ஈரமாக இருந்தது.

"மாடு ஒடம்பத் தேச்சுக்கட்டும்னு போட்டேன்" என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

அவள் கல்லில் ஏறி, சைக்கிளில் உட்கார்ந்தாள். "ஏறிட்டேன் அண்ணே. நாகப்பட்டினத்துல யாரு எனக்குக் கல்லு போடுவா?"

"மாப்ள எதுக்கு இருக்காரு?"

நாகப்பட்டினம் கடற்கரையில் மணல்தான், கல் கிடையாது. தோளைக் கொடுத்து நின்றேன்.